ஏப்ரலில் ஒரு பொருள், நவம்பரில் வேறு பொருளா?

கேள்வி: நான் மாநகராட்சிப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரம்பூரில் இருக்கிறேன். 2025 ஏப்ரலில் ஆளுநர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிடப்பில் கிடந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும், இனி ஆளுநருக்குக் காலக்கெடு உண்டு என்றார்கள். நவம்பரில் அதே நீதிமன்றம், காலக்கெடு விதிக்க முடியாது என்றது. அரசியலமைப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பொருள் மட்டும் எப்படி மாறும்? ‘ஜட்ஜ் என்ன நினைக்கிறாரோ அதுதான் சட்டம், அத்தை’ என்கிறார் மாப்பிள்ளை. சட்டக் கல்லூரியில் படிக்கும் பேத்தி ‘ரேஷியோ, ஆபிட்டர்’ என்று ஏதோ சொல்லி அவரோடு சண்டைக்குப் போகிறாள். யார் சொல்வது சரி? இன்னொன்று: ஒரு பிரிவுக்கு என்ன பொருள் என்று என்னைப் போன்றவர் உச்ச நீதிமன்றத்துக்கே கடிதம் எழுதிக் கேட்க முடியுமா?

பதில்: அம்மா, வணக்கம்.

முதலில் ஒரு விவரம். ஏப்ரல் 8 அன்று தீர்ப்புச் சொன்னது 2 நீதிபதிகள் கொண்ட அமர்வு. நவம்பர் 20 அன்று கருத்துச் சொன்னது 5 நீதிபதிகள். 1950-ல் உச்ச நீதிமன்றம் தொடங்கியபோது தலைமை நீதிபதியோடு சேர்த்து 8 இடங்கள்தான். 2019-ல் அது 34 ஆனது. இத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து வழக்குக் கேட்பதில்லை. இரண்டு பேர், மூன்று பேர் என்று பிரிந்துதான் தினமும் உட்காருகிறார்கள். ஆனால் அரசியலமைப்பின் பொருள் பற்றிய முக்கியமான கேள்வி வந்தால் குறைந்தது 5 பேர் உட்கார வேண்டும் என்று 145(3) பிரிவு சொல்கிறது. அதைத்தான் ‘அரசியல் சாசன அமர்வு’ என்கிறோம். என் கருத்தைக் கேட்டால், ஆளுநர் வழக்கு முதலிலேயே 5 பேரிடம் போயிருக்க வேண்டிய வழக்கு. போயிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சரி, இரண்டு அமர்வும் படித்தது ஒரே 200-ஆவது பிரிவைத்தானே என்பீர்கள். ஆமாம். மசோதா வந்தால் ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி அனுப்பலாம் என்று அது சொல்கிறது. சட்டமன்றத்துக்கே திருப்பி அனுப்புவதானால் ‘கூடிய விரைவில்’ அனுப்ப வேண்டும், அங்கே மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று மட்டும் சொல்லவில்லை. நம் மசோதாக்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை. 2023 நவம்பரில் அவை திரும்பி வந்தன. 18-ஆம் தேதி சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. அதற்குப் பிறகு ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்.

இப்போது ஒரு வக்கீல் இந்தப் பிரிவை எப்படிப் படிப்பார் என்று பாருங்கள். அடுத்த 201-ஆவது பிரிவில், குடியரசுத் தலைவர் சொல்லித் திரும்பி வரும் மசோதாவைச் சட்டமன்றம் 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கெடு வேண்டும் என்று நினைத்த இடத்தில் எழுதியிருக்கிறார்கள், 200-ல் எழுதவில்லை, ஆகவே கெடு கிடையாது என்று ஒரு தரப்பு வாதாடலாம். எதிர்த் தரப்பிடமும் சரக்கு இருக்கிறது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் ஆளுநர் ‘தன் விருப்பப்படி’ முடிவெடுப்பார் என்று இருந்தது. அந்தச் சொற்களை நம்மவர்கள் 200-ஆவது பிரிவில் வைக்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையின் விவாதத்தை எடுத்தால் இன்னும் சுவாரசியம். நாடாளுமன்ற மசோதாக்களைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்புவது பற்றிய வரைவில் முதலில் ‘6 வாரத்துக்குள்’ என்றே இருந்தது. அதை எடுத்துவிட்டு ‘கூடிய விரைவில்’ என்று மாற்றினார் அம்பேத்கர். கெடு வேண்டாம் என்றுதானே எடுத்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். 6 வாரம்கூட அதிகம், அதைவிட வேகமாகச் செய்யட்டும் என்றுதான் எடுத்தார்கள் என்று மற்றவர் சொல்லலாம். இரண்டும் நேர்மையான வாதங்கள். மாப்பிள்ளை நினைப்பது போல ஜட்ஜ் காலையில் எழுந்து ஒரு பொருளை யோசித்துக்கொண்டு வருவதில்லை. சொற்கள், பக்கத்துப் பிரிவுகள், பழைய சட்டம், சபை விவாதம், முந்தைய தீர்ப்புகள் என எல்லாம் மேசைமேல் இருக்கின்றன. எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் நீதிபதிகள் பிரிகிறார்கள்.

2 பேர் அமர்வு, சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய மசோதா முடங்கிக் கிடக்கக் கூடாது என்ற நோக்கத்துக்கு அதிக எடை கொடுத்தது. 142-ஆவது பிரிவின் முழு நீதி வழங்கும் அதிகாரத்தை எடுத்து, ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்றது. அப்புறம் குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழி செய்யும் 143-ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகள் கேட்டார். 5 பேர் அமர்வு, ஆளுநர் செய்ய வேண்டிய வேலையை நீதிமன்றம் தானே செய்ய முடியாது, பிரிவில் இல்லாத நாள் கணக்கை எழுதிச் சேர்க்கவும் முடியாது என்றது. அதே சமயம், மசோதாவைத் திருப்பி அனுப்பாமலேயே ஆளுநர் ஒப்புதலை நிறுத்தி வைத்துக்கொள்ள முடியாது என்றும், காரணமே சொல்லாமல் நீண்ட காலம் சும்மா இருந்தால் ‘ஏதாவது ஒரு முடிவெடுங்கள்’ என்று உத்தரவிட நீதிமன்றத்தால் முடியும் என்றும் சொன்னது. ஆக, ஆளுநர் கிடப்பில் போட்டு வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு நாள் ஆனால் ‘நீண்ட காலம்’ என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த ஒன்றுக்காகவே ஒவ்வொரு மாநிலமும் மறுபடி டெல்லிக்கு ஓட வேண்டியிருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 143-ல் சொல்வது கருத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல. காவிரி நடுவர் மன்றம் தொடர்பாக 1991-ல் இதே போல ஒரு கேள்வி போனபோது, முடிந்துபோன தங்கள் தீர்ப்பின் மேல் அப்பீல் கேட்பது போல 143-ஐப் பயன்படுத்த முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் வாதத்துக்கு வருகிறேன். அவருக்குப் பதில் சொல்ல நம் ஊர் வழக்குகளே போதும். அரசியலமைப்பு அமலுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வேலை கற்றுக்கொண்டதே மதராஸ் மாகாணத்து வழக்குகளில்தான் என்று சொன்னால் மிகை இல்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து இங்கே சிறையில் இருந்தார். ஒரு உத்தரவு தீர்ந்தால் இன்னொரு உத்தரவு. 1950-ல் தடுப்புக் காவல் சட்டம் வந்ததும் அதன் கீழ் மறுபடி பிடித்து வைத்தார்கள். உயிரையும் உடல் சுதந்திரத்தையும் ‘சட்டம் நிறுவிய நடைமுறைப்படி’ அன்றிப் பறிக்கக் கூடாது என்கிற 21-ஆவது பிரிவைக் காட்டி அவர் வழக்குப் போட்டார்.

6 நீதிபதிகள் கேட்டார்கள். பெரும்பான்மை நீதிபதிகள், நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது, அதில் ஒரு நடைமுறை இருக்கிறது, அது நியாயமானதா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்றார்கள். அதற்கு அவர்களிடம் வலுவான காரணம் இருந்தது. வரைவில் அமெரிக்கப் பாணியில் இருந்த விரிவான சொற்றொடரை நம்மவர்கள் தெரிந்தே மாற்றியிருந்தார்கள். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தபோது, அந்தச் சொற்றொடர் நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்று அவர் எச்சரித்ததாகப் பதிவு இருக்கிறது. இந்த விஷயத்தில் 6 பேரில் ஃபசல் அலி மட்டும் ஒத்துப்போகவில்லை. ஒருவருக்குக் குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் தரப்பைக் கேட்டு, நடுநிலையான மன்றம் முடிவெடுப்பதும் சேர்ந்ததுதான் நடைமுறை என்று எழுதினார். அடிப்படை உரிமைகள் தனித்தனித் தீவுகள் அல்ல என்பதும் அவர் வாதம். கோபாலன் தோற்றார். காவலில் வைத்த காரணங்களை நீதிமன்றத்துக்குக்கூட வெளியிடக் கூடாது என்ற 14-ஆவது பிரிவு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து வெட்டப்பட்டது.

20 வருடம் கழித்து, 1970-ல், வங்கிகள் தேசியமய வழக்கில் 11 பேர் அமர்வு, உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்த்த கோபாலன் தீர்ப்பின் அணுகுமுறையைக் கைவிட்டது. அந்தக் கதவு திறந்த பிறகுதான் 1978-ல் மேனகா காந்தி வழக்கு. அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு காரணத்தைச் சொல்ல மறுத்தது. 7 பேர் அமர்வு, ஏதோ ஒரு நடைமுறை இருந்தால் போதாது, அது நேர்மையான, நியாயமான நடைமுறையாக இருக்க வேண்டும் என்றது. 21-ஆவது பிரிவில் ஒரு கமாகூட மாறவில்லை. ஃபசல் அலி தனியாக எழுதியதன் சாரம் 28 வருடத்தில் சட்டமாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே தாவலில் இது நடக்கவில்லை என்பது. நடுவில் ஒரு பெரிய அமர்வு வந்து பழைய தடையை எடுக்க வேண்டியிருந்தது. நம் உரையாசிரியர்கள் முன்னால் ஒருவர் சொன்ன பொருளை மறுத்துவிட்டுத் தன் போக்கில் போகலாம். நீதிபதிக்கு அந்த வசதி இல்லை. உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம் நாட்டின் மற்ற எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது 141-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே, பெரிய அமர்வு சொன்னதைச் சின்ன அமர்வு மீற முடியாது. உடன்பாடு இல்லையென்றால் ‘இதைப் பெரிய அமர்வு பார்க்கட்டும்’ என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பலாம், அவ்வளவுதான்.

அந்தரங்க உரிமை வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்கில் மத்திய அரசு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று வாதாடியது. கையில் இரண்டு தீர்ப்புகளை வைத்திருந்தது. 1954-ல் 8 பேர் சொன்னது ஒன்று, 1962-ல் 6 பேர் சொன்னது இன்னொன்று. 8 பேரைத் தாண்ட வேண்டுமானால் 9 பேர் வேண்டும். அதனால்தான் 2017-ல் 9 பேர் அமர்வு உட்கார்ந்து, அந்தரங்கம் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கிய உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. வெறும் தலை எண்ணிக்கையா நீதி என்று பேத்தியின் வகுப்பில் யாராவது கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணிக்கை என்ற வேலி இல்லாவிட்டால் மாப்பிள்ளை சொல்வது அப்படியே உண்மையாகிவிடும்.

அதே தீர்ப்பில் இன்னொரு பழைய கணக்கும் தீர்ந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-ல், காவலில் இருப்பவர் நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று 4 நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டு சீனியரான அவரைத் தாண்டி ஜூனியரான பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். 2017-ல் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று எழுதி அதை ரத்து செய்தவர் டி.ஒய். சந்திரசூட். 1976-ல் பெரும்பான்மையில் இருந்தவர்களில் அவருடைய அப்பா ஒய்.வி. சந்திரசூட்டும் ஒருவர். பேத்தியிடம் சொல்லுங்கள், தேர்வுக்காகப் பெரும்பான்மைத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு மூடிவிட வேண்டாம். தோற்றுப்போன நீதிபதி என்ன எழுதியிருக்கிறார் என்பதையும் பார்க்கட்டும்.

மாப்பிள்ளை பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறைப்பானேன். மேனகா தீர்ப்புக்குப் பிறகு 21-ஆவது பிரிவு விரிந்துகொண்டே போனது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டம் என்று 1996-ல் சொன்னார்கள். அரசியலமைப்பில் தேடினால் அந்த வாசகம் எங்கும் கிடைக்காது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அது வரம்தான். ஆனால் நல்லது செய்யப் பொருளை இழுக்கிற கை நாளைக்கு வேறு எதற்கும் இழுக்கும். 142-ஐ அடிக்கடி எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கும் அந்தப் பயம் வருகிறது.

நீதிமன்றம் சொன்னதே கடைசி வார்த்தை என்று மட்டும் நினைக்க வேண்டாம். மதராஸ் அரசின் வகுப்புவாரி ஜீ.ஓ. உங்களுக்குத் தெரிந்ததே: 14 இடம் என்றால் அதில் எந்தப் பிரிவினருக்கு எத்தனை என்று வகுத்து வைத்திருந்தது. 1951 ஏப்ரலில், செண்பகம் துரைராஜன் வழக்கில், 7 நீதிபதிகள் அது செல்லாது என்றார்கள். அரசு கொள்கைக்கான வழிகாட்டு நெறிகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழேதான் என்பது அவர்கள் படித்த விதம். இங்கே கொந்தளிப்பு. ஜூனிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) சேர்ந்தது. ஒரு பத்திரிகை இந்த மாகாணத்துக்குள் நுழையத் தடை போட்டதை ரொமேஷ் தாப்பர் வழக்கில் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததால், பேச்சுரிமைப் பிரிவில் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணமும் அதே திருத்தத்தில் ஏறியது.

திருத்தத்துக்கும் எல்லை உண்டா என்பது அடுத்த சண்டை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள், 7-க்கு 6 என்று, அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்த முடியாது என்றார்கள். ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்ற சொல்லும் அரசியலமைப்பில் கிடையாது. ஒன்பதாவது அட்டவணை என்பது, அடிப்படை உரிமையை மீறுகிறது என்று வழக்குப் போட்டு ரத்து செய்ய முடியாதபடி சட்டங்களைக் காக்கும் பட்டியல். அந்தத் தேதிக்குப் பிறகு அதில் வைத்த சட்டங்களையும் இந்த அளவுகோலால் சோதிக்கலாம் என்று 2007-ல் 9 பேர் சொன்னார்கள். அந்த வழக்கின் வேர் நம் நீலகிரியில், கூடலூர் ஜன்மம் நிலங்களில் இருக்கிறது. 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டமும் 1994-ல் அந்த அட்டவணையில் வைக்கப்பட்டதுதான் என்பதால், இந்தத் தீர்ப்பை இங்கே எல்லோரும் கவனித்துப் படித்தார்கள்.

பேத்தி சொல்லும் ‘ரேஷியோ’ என்பது வழக்கு முடிவுக்குத் தேவைப்பட்ட காரணம். அதுதான் அடுத்த நீதிபதியைக் கட்டும். ‘ஆபிட்டர்’ என்பது போகிற போக்கில் சொன்னது. டிவியில் கீழே ஓடுவதில் பாதி ஆபிட்டர்தான். இன்னும் மோசம், விசாரணையின்போது நீதிபதி கேட்கிற கேள்வியையே ‘உச்ச நீதிமன்றம் அதிரடி’ என்று போட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை ஒரு தீர்ப்பு வந்தால், எத்தனை பேர் அமர்வு, என்ன கேள்வி அவர்கள் முன்னால் இருந்தது, யார் மாறுபட்டார்கள் என்று பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். பல தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும், சந்தேகம் வந்தால் ஆங்கில மூலத்தையும் பேத்தியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி. பொருள் என்ன என்று சும்மா கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு எழுத முடியாது. அந்த வசதி 143-ன் கீழ் குடியரசுத் தலைவருக்கு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் ஒரு பாதிப்பு இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு வழக்கு வர வேண்டும். சிறைக் கைதிகள் எழுதிய கடிதங்களையே மனுவாக எடுத்துக்கொண்டது உண்டு. ஆனால் அவற்றில் இருந்தது யாருக்கு என்ன கொடுமை நடந்தது என்ற விவரம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 32-ன் கீழ் டெல்லிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் பாரிமுனையிலேயே உயர் நீதிமன்றம் இருக்கிறது. 226-ன் கீழ் அதன் அதிகாரம் 32-ஐவிட அகலமானது: அடிப்படை உரிமை மட்டுமில்லை, ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்தாலும் ரிட் போடலாம். அப்படி ஏதாவது பிரச்சினை இருந்தால் அந்த உத்தரவின் நகலோடு மறுபடி எழுதுங்கள்.